குருதிக்கு அஞ்சும் திறனாய்வு

ஒரு கலைப்படைப்பைக் கண்டு முகஞ்சுளிப்பது வேறு. அதனை ஆராய்ந்து தீர்ப்புரைப்பது வேறு. முன்னது உடம்பின் செயல். பின்னது அறிவின் கடமை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு மயங்கும் போக்கு நம் தமிழ்த் திறனாய்வுலகில் நெடுநாளாக நிலவி வருகின்றது. ‘பார்க்கச் சகிக்கவில்லை’ என்னும் ஒரு தொடரே முழு விமர்சனமாகிவிடுகின்றது. ஏன் சகிக்கவில்லை? சகிக்கவியலாத அந்தக் காட்சி எதன் பொருட்டு அங்கே வைக்கப்பட்டது? அதனை நீக்கிவிட்டால் படைப்பு வாழுமா, வீழுமா? இக்கேள்விகளை எழுப்புவார் அரியர். அதிலும், குருதி தெறிக்கும் திகிற்படம் ஒன்று, பெருநிறுவனத்தின் துணையின்றிச் சிறுமுதலில் எடுக்கப்பட்டதாயின், விசாரணை ஏதுமின்றியே அதன்மீது தீர்ப்பு பாய்கின்றது. இப்போக்கினை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் நாட்டுச் சான்று

சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. எமிர் எஸ்வான் இயக்கிய ‘ரோஹ்’ என்னும் மலாய்த் திரைப்படம் 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நம் நாட்டுத் திரையரங்குகளுக்கு வந்தது. ரோஹ் என்றால் ஆன்மா. இதனை ஆக்கிய நிறுவனம் குமான் பிக்சர்ஸ். அதனை நிறுவியவர், 2006இல் தம் ஆவணப்படமொன்று இந்நாட்டில் தடை செய்யப்பட்ட வரலாற்றையுடைய அமீர் முகமது. குமான் என்னும் மலாய்ச் சொல்லுக்குக் கிருமி என்பது பொருள். பெயருக்கேற்ப நிறுவனமும் சிறியது; செலவும் சிறியது. ‘ரோஹ்’ படத்தின் செலவு ஏறத்தாழ 3,60,000 ரிங்கிட்தான். சென்னையில் எடுக்கப்படும் முன்னணி நடிகர் படத்தின் ஒரு பாடற்காட்சிக்கும் இத்தொகை போதாது.

கதை மிக எளியது. காட்டினுள் தனித்த குடிசையொன்றில் ஒரு தாயும் இரு பிள்ளைகளும் வாழ்கின்றனர். உடம்பெல்லாம் மண் பூசிய சிறுமி ஒருத்தி அவர்களைத் தொடர்ந்து வருகின்றாள். இரக்கங்கொண்டு அவளுக்கு இடமளிக்கின்றனர். அவளோ, அடுத்த முழுநிலவுக்குள் நீங்கள் அனைவரும் மடிவீர்கள் என உரைத்துவிட்டு, அவர்கள் கண்ணெதிரிலேயே தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொள்கின்றாள். பின்னர் முதியவள் ஒருத்தி வருகின்றாள். வேட்டைக்காரன் ஒருவன் வருகின்றான். யாரை நம்புவது, யாரை விலக்குவது என்றறியாத குடும்பம் சிறிது சிறிதாகச் சிதைகின்றது. அவ்வளவே கதை. பெருந்தொற்றின் நடுவே வெளியான இப்படத்தைத்தான் 93ஆம் ஆஸ்கார் விருதுக்கு மலேசியாவின் சார்பில் அனுப்பினர். இறுதிப் பட்டியலில் அது இடம் பெறவில்லை. அது வேறு செய்தி. குருதி தோய்ந்த ஒரு சிறுபடம் இந்த நாட்டின் கலைமுகமாக உலகின் முன் நிறுத்தப்பட்டது என்பதே நாம் கருதத்தக்கது.

இத்தகைய படங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் நம்மவரிடமிருந்து மூன்று குற்றச்சாட்டுகள் எழுகின்றன. இவை அருவருப்பானவை என்பது முதலாவது. மூடநம்பிக்கையை வளர்ப்பவை என்பது இரண்டாவது. இளைஞரைக் கெடுப்பவை என்பது மூன்றாவது. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

அருவருப்பும் ஒரு மெய்ப்பாடு

அருவருப்பு கலைக்குப் புறம்பானது எனக் கூறுவார், தமிழின் முதல் இலக்கணத்தையே மறந்தவராவார். தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடு வகுத்தார். நகையும் உவகையும் அங்குண்டு. அவற்றோடு சமமாக அச்சமும் இளிவரலும் உண்டு. இவை உயர்ந்தவை, இவை இழிந்தவை என அவர் படிநிலை வகுக்கவில்லை. அச்சம் தோன்றும் நிலைக்களன்களாகத் தெய்வம், விலங்கு, கள்வர், அரசர் என நான்கினைக் காட்டினார். இளிவரலுக்கு மூப்பையும் பிணியையும் வருத்தத்தையும் மென்மையையும் காட்டினார். காட்டின் அணங்கும், வலையில் மாட்டிய விலங்கும், முன்பின் அறியாத வேட்டைக்காரனும் நிறைந்த ‘ரோஹ்’ படத்தைத் தொல்காப்பியரிடம் கொண்டு சென்றால், அவர் அதனைப் புறந்தள்ளியிரார். எந்த மெய்ப்பாடு எந்த நிலைக்களத்தில் பிறந்தது என்றுதான் ஆராய்ந்திருப்பார்.

இலக்கணம் மட்டுமா? இலக்கியமும் அதுவே உரைக்கும். செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியைப் போற்றாத தமிழாசிரியர் உளரோ? அந்நூலில், போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு பேய்கள் கூழ் சமைக்கின்றன. சமைத்ததைப் பங்கிட்டு உண்டு களிக்கின்றன. இக்காலத் திகிற்பட இயக்குநர் எவரும் காட்டத் துணியாத காட்சி அது. காரைக்காலம்மையார் தம்மையே பேயெனக் கூறிக்கொண்டு திருவாலங்காட்டுச் சுடுகாட்டைப் பாடினார். அவரை நாம் நாயன்மாருள் ஒருவராக வைத்து வணங்குகின்றோம். ஏட்டில் இருந்தால் இலக்கியம், திரையில் வந்தால் அருவருப்பா? எழுதியவர் இறந்து பல நூற்றாண்டு கழிந்தபின்தான் குருதிக்கு மதிப்பு வருமா? விடை கூறுங்கள்.

மூடநம்பிக்கை என்னும் பழி

இரண்டாவது குற்றச்சாட்டு வலியது. பகுத்தறிவு இயக்கத்தின் தாக்கத்தால் வளர்ந்த மலேசியத் தமிழரிடமிருந்து அது வருவது இயல்பே. பேயும் பில்லியும் சூனியமும் தோட்டப்புற மக்களை எவ்வளவு வருத்தின என்பதை அறிந்தவர்கள் அவர்கள். ஆதலின் அக்குற்றச்சாட்டை எள்ளி ஒதுக்குதல் தகாது. ஆயினும் அது குறி தவறிய அம்பு.

பேயைக் காட்டும் படமெல்லாம் பேயை நம்பச் சொல்லும் படமன்று. மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையை நினைவுகூர்க. சார்ங்கலன் என்னும் சிறுவன் தனியனாய்ச் சுடுகாட்டுள் செல்கின்றான். பிணத்தின் தலையைக் கையிலேந்தி ஆடும் பேயைக் காண்கின்றான். அஞ்சி ஓடித் தாயிடம் சொல்லி உயிர் விடுகின்றான். அவன் தாய் கோதமை, தன்னுயிரை எடுத்துக்கொண்டு மகனுயிரைத் தருமாறு சம்பாபதித் தெய்வத்திடம் மன்றாடுகின்றாள். தெய்வத்தால் இயலவில்லை! வினையின் வழிச் சென்ற உயிரை எத்தெய்வமும் மீட்காது என்பதையே தெய்வம் தன் வாயால் அவளுக்கு உணர்த்துகின்றது. பேயைக் காட்டிய சாத்தனார் பேய்வழிபாட்டைப் பரப்பினார் என எவரேனும் கூறுவரோ? நிலையாமையை நெஞ்சில் தைக்கவே அவருக்கு அந்தப் பேய் வேண்டியிருந்தது.

‘ரோஹ்’ படமும் இவ்வழியதே. அங்கே மந்திரம் ஓதி எவரும் மீள்வதில்லை. கடைசி நேரத்தில் வந்து காப்பவர் எவருமிலர். அயலாரை நம்பியதாலும் கேடு, நம்பாததாலும் கேடு. அச்சம் ஒரு குடும்பத்துள் நுழைந்துவிட்டால் பாசத்தையும் அறிவையும் எவ்வாறு தின்றுவிடும் என்பதே அதன் உள்ளுறை. உண்மையாகவே மூடநம்பிக்கையை வளர்க்கும் படங்கள் எவை? தெய்வம் வந்து சூனியக்காரனை அழித்துச் சுபம் போடும் படங்களே அவை. 1995இல் தெலுங்கில் வெளிவந்து, ‘அம்மன்’ எனத் தமிழில் பேசிய படத்தை நம் இல்லங்கள் எத்தனை முறை பார்த்தன! அதில் கொடுமையும் உண்டு, குருதியும் உண்டு, பில்லிசூனியமும் உண்டு. ஆயினும் குழந்தைகளை மடியிலிருத்திக்கொண்டு பார்த்தோம். ஏனெனில் இறுதியில் அம்மன் வந்தாள். ஆறுதல் அளித்தால் பக்திப்படம். ஆறுதல் அளிக்க மறுத்தால் மூடநம்பிக்கை. இதுவா பகுத்தறிவு?

இளைஞர் கெடுவரா?

மூன்றாவது குற்றச்சாட்டுக்கு அமெரிக்க வரலாறே தக்க விடையளிக்கும். 1968ஆம் ஆண்டில் பிட்ஸ்பர்க் நகரைச் சேர்ந்த ஜார்ஜ் ரொமேரோ என்னும் இளைஞர், தம் நண்பர்களோடு ஏறத்தாழ 1,14,000 டாலர் செலவில் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ என்னும் கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்தார். இறந்தோர் எழுந்து உயிருள்ளோரைத் தின்னும் கதை அது. வெரைட்டி என்னும் திரைத்துறை ஏடு அப்படத்தைக் கடுமையாகச் சாடியது. ஆக்கியோர், திரையிட்டோர், பார்த்தோர் ஆகிய அனைவரின் ஒழுக்கத்தையுமே அது ஐயுற்றது.

அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் ரோஜர் ஈபர்ட் என்னும் இளம் விமர்சகர் சிக்காகோ ஏடொன்றில் அப்படத்தைப் பற்றி எழுதினார். பகற்காட்சிக்கு வந்திருந்த சிறுவர்கள், படம் முடியும் தறுவாயில் வாயடைத்து அழுதுகொண்டிருந்ததை அவர் பதிவு செய்தார். அக்கட்டுரையை இன்றும் படத்துக்கு எதிரான சான்றாகக் காட்டுவோர் உளர். ஆனால் அவர் குறை கூறியது யாரை? சிறுவர்களை உள்ளே விட்டவர்களை. அவர்களைத் துணையின்றி அங்கே விட்டுச்சென்ற பெற்றோரை. அந்நாட்டின் வயதுவாரித் தரப்பிரிப்பு அப்படம் வெளிவந்த அடுத்த மாதமே நடைமுறைக்கு வந்தது. யார் பார்க்கலாம் என்பது ஒரு கேள்வி; படைப்பு நன்றா தீதா என்பது மற்றொரு கேள்வி. இவ்விரண்டையும் பிரித்தறிந்த அவ்விளைஞரின் தெளிவு நமக்கு வேண்டாமா? நம் நாட்டிலும் திரைப்படத் தணிக்கை வாரியம் வயதுவாரியாகப் படங்களைத் தரம் பிரிக்கின்றது. பதினெட்டு வயது நிரம்பியோர்க்குரிய படத்தை, அது ஐந்து வயதுக் குழந்தைக்கு ஆகாது என்னும் காரணத்தால் கலையன்று எனத் தள்ளுவது, மிளகாய் குழந்தைக்கு ஆகாது எனச் சமையலையே தடுப்பதை ஒக்கும்.

அந்தப் படத்தின் பின்வரலாறு என்ன? அதன் நாயகன் கறுப்பினத்தவன். டுவேன் ஜோன்ஸ் என்னும் நடிகர் அவ்வேடத்தை ஏற்றார். இரவெல்லாம் பிணங்களோடு போராடித் தப்பிய அவனை, விடியற்காலையில் மீட்க வந்த வெள்ளையரே பிணமெனக் கருதிச் சுட்டு வீழ்த்துகின்றனர். மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட அதே ஆண்டில் இக்காட்சி திரையேறியது. குருதியை மட்டும் கண்டோர் இதனைக் காணவில்லை. 1999இல் அமெரிக்க நாட்டின் நூலகம், பாதுகாக்கத்தக்க தேசியப் படங்களின் வரிசையில் அப்படத்தைச் சேர்த்தது. படம் மாறவில்லை, பார்வை மாறியது. அதற்கு முப்பது ஆண்டுகள் ஆயின.

இன்னுமொரு சான்று போதும். 1974இல் டோபி ஹூப்பர் எடுத்த ‘தி டெக்சாஸ் செயின்சா மாசகர்’ என்னும் படத்துக்குப் பிரிட்டிஷ் தணிக்கைக் குழு 1999 வரை முழு அனுமதி வழங்கவில்லை. அப்படத்தைக் குருதிக் களரி எனப் பலரும் ஏசினர். உண்மையில் அதில் திரையில் தெரியும் குருதி மிகச் சிறிதே. பெரும்பாலானவை ஒலியாலும் வெட்டுத் தொகுப்பாலும் பார்ப்போர் மனத்தில் எழுப்பப்பட்டவை. காணாததைக் கண்டதாக எழுதிய விமர்சகர்கள், அறியாமலேயே அவ்வியக்குநரின் திறமைக்குச் சான்றிதழ் வழங்கினர்!

இரட்டை அளவுகோல்

இனி நம்மவரை நான் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. குருதி உண்மையாகவே நமக்கு ஒவ்வாததா? 2023இல் வெளியான ‘ஜெயிலர்’ படத்தில் நாயகன் வாளால் ஒருவன் தலையைத் துண்டிக்கும்போது திரையரங்கில் எழுந்த ஒலி யாது? சீழ்க்கையும் கைத்தட்டலும் அன்றோ? ‘விக்ரம்’ படத்திலும் ‘லியோ’ படத்திலும் வீழ்ந்த உடல்களை எண்ணினார் உண்டோ? அவற்றைக் குடும்பத்தோடு பார்த்தோம். வசூற்கணக்கைப் பெருமையோடு பேசினோம். அங்கே வெட்டுண்டவனுக்குப் பெயரில்லை, தாயில்லை, வலியுமில்லை. அவன் நாயகனின் பெருமைக்கு இட்ட பலி.

சிறுபடத்தின் குருதியோ வேறு வகையது. அங்கே சாகின்றவள் யாரென்று நமக்குத் தெரியும். அவள் தாயின் முகத்தை நாம் பார்த்திருக்கின்றோம். ஆகவே அவளது கழுத்தில் ஓடும் கத்தி நம் கழுத்திலும் ஓடுகின்றது. நம்மைக் கூசச் செய்வது குருதியன்று. குருதிக்குப் பொருளுண்டு என்னும் நினைவே. வலியற்ற வன்முறையைக் கொண்டாடுவோம், வலியுள்ள வன்முறையைக் கண்டிப்போம் என்றால், நம் ஒழுக்க அளவுகோல் தலைகீழாகப் பிடிக்கப்பட்டுள்ளது என்றே பொருள்.

திகிற்படமெல்லாம் சிறந்தவை என நான் வாதிடவில்லை. குருதியைக் காட்டிக் காசு பார்ப்போர் உண்டு. பெண்ணுடலைச் சிதைப்பதையே காட்சியின்பமாக்கும் இழிபடங்கள் உண்டு. அவற்றைக் கடிந்தெழுதுவது விமர்சகனின் கடமை. ஆனால் அக்கடமைக்கு அளவை வேண்டும். காட்சி கதையிலிருந்து பிறந்ததா, கதைமேல் ஒட்டப்பட்டதா? சாவு அந்தப் படத்துக்குள் எவரையேனும் மாற்றுகின்றதா, அடுத்த காட்சியில் மறக்கப்படுகின்றதா? கேமரா துன்புறுவோர் பக்கம் நிற்கின்றதா, துன்புறுத்துவோர் தோள்மேல் ஏறி மகிழ்கின்றதா? இம்மூன்றையும் கேட்டு, அதன்பின் ‘இப்படம் தீது’ எனத் தீர்ப்புரைத்தால் அத்தீர்ப்பை நானும் வணங்கி ஏற்பேன். கேட்காமல் உரைப்பது தீர்ப்பன்று, முகஞ்சுளிப்பே.

செனாயிலிருந்து பார்க்கும்போது

இதெல்லாம் ஒரு மலாய்ப் படத்துக்காக ஏன் என வினவலாம். நான் வாழும் செனாயிலிருந்து பார்த்தால் விடை தெளிவாகத் தெரியும். ஒருகாலத்தில் இரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்திருந்த சிற்றூர் இது. 1974இல் இங்கே வானூர்தி நிலையம் வந்தது, தொழிற்சாலைகள் வந்தன, செம்பனை வந்தது. தெற்கே இஸ்கண்டார் புத்திரியில், பைன்வுட் என்னும் புகழ்பெற்ற பெயரோடு தொடங்கிய பெரும் படப்பிடிப்புத் தளமும் வந்தது. ‘மார்க்கோ போலோ’ என்னும் அமெரிக்கத் தொடர் அங்கே உருவாயிற்று. ஆனால் அத்தளத்தின் வாடகை, நம் வட்டாரத் தமிழிளைஞன் கனவிலும் எட்டாதது. அவனுக்கு எட்டுவது யாது? ஒரு கேமரா, நான்கு நண்பர்கள், ஆளற்ற தோட்டத்து லயம், செம்பனைக் காட்டின் இருள். ‘ரோஹ்’ படம் அவனுக்குச் சொல்லும் செய்தி இதுதான்: இவை போதும்.

மலேசியத் தமிழ்ப்படத்துக்கு ஆற்றல் இல்லை என எவரும் கூறவியலாது. சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படத்துக்கான பரிசை வென்றது. தோட்டத்தை விட்டு வெளியேறிய நம் மக்களின் வாழ்வையும், குண்டர் கும்பலுள் வீழ்ந்த இளைஞர்களையும் அது மறைக்காமல் காட்டிற்று. அதே நேர்மையோடு எடுக்க வேண்டிய கதைகள் இன்னும் பல உள.

1942, 1943 ஆகிய ஆண்டுகளில் சயாம் பர்மா இரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் காட்டிலே மாண்டனர். வாந்திபேதி கண்டவர்களைக் கொட்டகையில் ஒதுக்கினர், எரித்தனர், புதைத்தனர். ஆர். சண்முகம் அதனைச் ‘சயாம் மரண ரயில்’ என்னும் நாவலாக எழுதினார். நாளை ஓர் இளைஞன் அதனைத் திரையில் கொணர்ந்தால், சீழும் புழுவும் பிணமும் இன்றி எவ்வாறு கொணர்வான்? அந்தக் காட்டில் செத்தவர்கள் நறுமணத்தோடு சாகவில்லை. அப்போதும் நம் விமர்சகர் மூக்கைப் பொத்திக்கொண்டு ‘பார்க்கச் சகிக்கவில்லை’ என எழுதுவாரோ? சகித்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அவர்கள் பட்டதைப் பார்ப்பதற்குக்கூட நமக்கு நெஞ்சுரம் இல்லையென்றால், நம் இலக்கியம் யாருக்காக, எதற்காக?

அழகியதை மட்டும் போற்றும் விமர்சனம் அழகிய பொய்களையே வளர்க்கும். நம் ஏடுகளில் எழுதுவோர்க்கு நான் விடுக்கும் வேண்டுகோள் ஒன்றுதான். சிறுமுதலில் எடுத்த திகிற்படம் ஒன்று வந்தால், கண்ணை மூடாமல் இறுதிவரை பாருங்கள். பிறகு எழுதுங்கள். குறை கூறுங்கள், கடுமையாகவே கூறுங்கள். ஆயினும் எந்தக் காட்சியில், எந்தக் காரணத்தால் என்று கூறுங்கள். அவ்விமர்சனத்தைப் படிக்கும் இளைஞன் அடுத்த படத்தைச் செம்மையாக எடுப்பான். உங்கள் முகஞ்சுளிப்பைப் படிப்பவனோ கேமராவை உறையிலிட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவான். அந்த இழப்பு அவனுடையது மட்டுமன்று. இம்மண்ணில் சொல்லப்படாமல் கிடக்கும் நம் கதைகளின் இழப்பும் அதுவே.